காம்பஸ் சுபேதார்

நாட்டுக்காக எதிரியின் முகாமைப் பிடித்த சுபேதார்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். சொந்த முகாமைச் சுற்றி வளைத்து, தாக்கி, கைப்பற்றிய பெருமை எனக்குத் தெரிந்து ஒரே ஒருவருக்குத்தான் உண்டு. அவர்தான் எங்கள் காம்பஸ்.

அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. யூனிட்டில் எல்லோருக்கும் அவர் காம்பஸ்தான். திசைகாட்டியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, அதை ஒரு தடவைகூட நம்பாத மனிதருக்கு வேறு என்ன பெயர் வைப்பது? முள் வடக்கைக் காட்டும். இவர் உற்றுப் பார்ப்பார். கண்ணாடியை விரலால் தட்டுவார். “இது கெட்டுப்போச்சுடா” என்று சொல்லிவிட்டுத் தெற்கே நடப்பார். நாங்களும் பின்னால் நடப்போம். பட்டாளத்தில் வேறு வழி கிடையாது.

அவருக்குக் கீழே திண்டுக்கல்காரர்கள் மூன்று பேர் இருந்தோம். நான் வயர்லெஸ் ஆபரேட்டர். பேகம்பூர் சாகுல் லாரி டிரைவர். சிறுமலை அந்தோணி எந்தச் செங்குத்துப் பாறையிலும் ஆட்டுக்குட்டி மாதிரி ஏறுகிறவன். எங்கு பார்த்தாலும் இந்தி மட்டுமே கேட்கும் முகாமில், முதல் நாள் ஒரு கட்டைக் குரல், “ஏலே, எந்த ஊருடா நீங்கள்லாம்?” என்று கேட்டதும் எங்களுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் குரல் எங்களை எங்கெங்கே கொண்டுபோய் விடப்போகிறது என்று அப்போது தெரியாது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராஜஸ்தானில் பயிற்சி நடந்தது. மணல்மேடுகளுக்கு அப்பால் ‘எதிரி’ முகாம் இருந்தது. விடியும்போது அதைப் பிடித்தாக வேண்டும். காம்பஸ் முன்னால் போனார். கிழக்கு வெளுக்கும் நேரத்தில் தூரத்தில் புகை தெரிந்தது.

“சமைக்கிறான்டா! அசந்திருக்கான். சலோ!” என்று உறுமினார்.

வயிற்றால் ஊர்ந்து போய், தொண்டை கிழியக் கத்திக்கொண்டு பாய்ந்தோம். பூரிக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்த சமையல்காரர் கட்டையும் கையுமாக இரண்டு கையையும் தூக்கிவிட்டார். அவர் எங்கள் சமையல்காரர். முந்தின நாள் எங்களுக்கு ரொட்டி போட்டவரே அவர்தான்.

சத்தம் கேட்டு மேஜர் பனியனோடு ஓடி வந்தார். காம்பஸ் விறைப்பாக சல்யூட் அடித்தார். “நம்ம சமையற்கட்டை எதிரி பிடித்துவிட்டால் எப்படி மீட்பது என்று ஒத்திகை பார்த்தோம் சார்” என்று இந்தியில் சொன்னார். மேஜர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு பூரியை எடுத்துக்கொண்டு கூடாரத்துக்குள் போய்விட்டார்.

இன்னொரு தடவை ஒரு லாரி உருளைக்கிழங்கைப் பக்கத்து முகாமில் இருந்த எங்கள் ஆட்களிடம் சேர்க்கச் சொன்னார்கள். சாகுல் வண்டியை ஓட்ட, காம்பஸ் வழி சொன்னார். கிழங்கு போய்ச் சேர்ந்தது முற்றிலும் வேறொரு யூனிட்டில். அவர்கள் மூன்று வேளையும் கிழங்காகவே தின்றுவிட்டு, நன்றி தெரிவித்து எங்கள் கமாண்டருக்குத் தகவல் அனுப்பினார்கள். அந்தத் தகவலை வயர்லெஸ்ஸில் வாங்கியவன் நான். வாங்கும்போதே சிரித்ததற்கு எனக்குத் தண்டனை கிடைத்தது. காம்பஸுக்கு ஒன்றுமில்லை. “அக்கம்பக்கத்துல நல்ல பேரு எடுக்க வேணாமாடா?” என்றார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவரோடு போய் வழி தவறாத நாள் இல்லை. அவரோடு போய் ஒருவன்கூடத் திரும்பி வராமல் இருந்ததும் இல்லை.

வடக்கே பனிமலையில் ஒரு ரோந்துக்குப் போனபோது மூடுபனி சூழ்ந்துகொண்டது. நீட்டிய கை கண்ணுக்குத் தெரியவில்லை. காம்பஸ் கொஞ்ச தூரம் நடப்பார், நிற்பார், “பேரச் சொல்லு!” என்று கத்துவார். ஒவ்வொருவனும் பெயரைச் சொன்ன பிறகுதான் அடுத்த அடி எடுத்து வைப்பார். ஒரு சரிவில் அந்தோணியின் கையுறைகள் உருண்டு போய்விட்டன. காம்பஸ் தன்னுடையதைக் கழற்றி, “எனக்குக் கை வேர்க்குதுடா, நீ போட்டுக்க” என்று அவன் கையில் மாட்டிவிட்டார். அந்தக் குளிரில் கை வேர்த்த ஒரே மனிதர் அவர்தான். அன்றைக்கு மரத்துப்போன விரல்நுனிகளுக்கு அப்புறம் உணர்ச்சி திரும்பவே இல்லை. பின்னாளில் அவர் கொதிக்கிற டீ கிளாஸை அநாயாசமாகப் பிடிப்பதைப் பார்த்து, திண்டுக்கல் டீக்கடைக்காரர் இதெல்லாம் பட்டாளத்துப் பயிற்சி என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ஆம், கடைசியில் காம்பஸ் உட்பட எல்லோரும் திண்டுக்கல்லுக்கே வந்து சேர்ந்தோம். ஒவ்வொருவராக ஓய்வு பெற்றோம். சாகுல் தோல் வியாபாரி ஒருவரிடம் வேன் ஓட்டினான். அந்தோணி சிறுமலையில் வாழையும் மிளகும் போட்டான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் நால்வரும் கூடுவோம். பழைய கதைகளை எடுத்துப்போட்டு அவரைக் கிழிப்போம். அவர் நடுவில் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் மறுப்பார்.

“சாப், அன்னைக்கு உருளைக்கெழங்கு…” என்று சாகுல் ஆரம்பிப்பான்.

“வழி தப்புறதுன்னு பட்டாளத்துல ஒண்ணு கெடையாதுடா. அது மாத்துப் பாதை.”

“அப்ப பூரி சுட்டவரப் புடிச்சது?”

“அது ஒத்திகைன்னு அன்னைக்கே சொல்லிட்டேன்ல?”

திண்டுக்கல்லில் வழி தவறுவது சுலபமான காரியம் அல்ல. எந்தத் தெருமுனையில் நின்றாலும் மலைக்கோட்டைப் பாறை தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டே வழி தவறியவர் எங்கள் காம்பஸ். போதாதற்கு, அடுத்தவர்களுக்கு வழி சொல்வதில் அவருக்குத் தீராத ஆர்வம். பஸ்ஸை விட்டு இறங்கிய எவராவது டீக்கடையில் முகவரி கேட்டால் போதும், எழுந்து நின்று கையை நீட்டி விளக்கிவிடுவார். அந்த ஆள் நன்றி சொல்லிவிட்டுப் போன பிறகு, சாகுல் கிளாஸை வைத்துவிட்டு அந்த ஆள் பின்னாலேயே ஓடி, தெருமுனையில் பிடித்து, சரியான வழியைச் சொல்லி அனுப்பிவிட்டு மூச்சிரைக்கத் திரும்பி வருவான். “எங்கடா போன?” என்பார் காம்பஸ். “பீடி வாங்க” என்பான். சாகுல் பீடியே குடிக்க மாட்டான்.

அந்த வருஷம் ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. அந்தோணி இரண்டு ஞாயிறு டீக்கடைக்கு வரவில்லை. மூன்றாவது ஞாயிறு, சாகுலின் வீட்டுக்குச் சிறுமலையிலிருந்து போன் வந்தது. பேசியவர் அந்தோணியின் பக்கத்துத் தோட்டக்காரர்.

“அந்தோணி அண்ணனுக்குக் காலுல முள்ளு குத்தி சீழ் வச்சிருச்சுங்க. சர்க்கர வேற இருக்குல்ல, ரெண்டு வெரலு கறுத்துப்போச்சு. ஆசுபத்திரிக்கு வாண்ணேன்னா கதவச் சாத்திக்கிருது. நாங்க தூக்க வந்தா அருவாளக் காட்டுது.”

அந்தோணிக்கு மனைவி இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. திருப்பூரில் கட்டிக்கொடுத்த மகள் போனில் அழுதுகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் காலையே எடுத்துவிடுவார்கள் என்பது அவன் பயம். செங்குத்துப் பாறையெல்லாம் ஏறிய கால் அல்லவா அது.

சாகுல் டீக்கடைக்கு ஓடி வந்து சொன்னதும் காம்பஸ் டீயைப் பாதியில் வைத்தார். “வண்டிய எடுடா சாகுலு” என்றார்.

மலைப்பாதையில் ஒரு வளைவில் மண் சரிந்து பஸ் போக்குவரத்தே நின்றிருந்தது. வேனை அங்கே விட்டுவிட்டுச் சேற்றில் தவழ்ந்து அந்தப் பக்கம் போனோம். அதற்கு மேல் தார் ரோடு நேராகத் தோட்டம்வரைக்கும் போகிறது. குழந்தைகூடத் தவற முடியாது.

“குறுக்க ஏறுனா சட்டுன்னு போயிரலாம்” என்றார் காம்பஸ்.

“சாப், வேணாம் சாப்” என்றோம் இருவரும்.

அதற்குள் புதருக்குள் நுழைந்துவிட்டார். முள்ளும் அட்டையும் வழுக்கலுமாக ஏறினோம். எனக்கு மூட்டு வலி, சாகுலுக்கு இளைப்பு. செத்த நேரம் உட்காரலாம் என்றால் அவர் கேட்கவில்லை. ஒரு வழியாகப் புதரை விலக்கி வெளியே வந்தபோது தார் ரோடு தெரிந்தது. அதே வளைவு. கீழே சாகுலின் வேன்.

காம்பஸ் சுற்றுமுற்றும் பார்த்தார். “ஏரியா பாதுகாப்பா இருக்கான்னு பாத்தேன்” என்று சொல்லிவிட்டு, திரும்பவும் முதலிலிருந்து நடக்க ஆரம்பித்தார். அந்த வயதில், அந்தச் சேற்றில், ஒரு முனகல் இல்லாமல். நாங்கள் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். பட்டாளத்தில் எத்தனை மைல் அதைப் பார்த்து நடந்திருப்போம்!

அந்தோணியின் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. காம்பஸ் தட்டவில்லை. வாசலில் நின்று, மலை அதிர, “அந்தோணி! பேரச் சொல்லு!” என்று கத்தினார்.

உள்ளேயிருந்து, “அந்தோணி, சாப்” என்று பலவீனமாக ஒரு குரல். தாழ்ப்பாள் விலகியது.

கட்டிலில் வந்து விழுந்தவனின் முகம் காய்ச்சலில் சிவந்திருந்தது. காலின் நாற்றம் அறையை நிறைத்தது. அப்போதும், “வெஞ்சனம் ஒண்ணுமில்ல சாப், வெறுஞ்சோறுதான் கெடக்கு” என்று விருந்து உபசாரம் செய்தான்.

“சாவ்தான்!” என்றார் காம்பஸ்.

விறைப்பாக நிற்கச் சொல்லும் பட்டாளத்து ஆணை அது. பழக்கதோஷம். படுத்திருந்தவன் குதிகால்கள் இரண்டையும் படீரென்று சேர்த்துவிட்டு, “ஐயோ, அம்மா!” என்று அலறினான்.

“வலிக்குதுல்ல? கெளம்பு, ஆசுபத்திரிக்கு. இது ஆர்டர்.”

“நான் ரிட்டயர் ஆயிட்டேன் சாப். ஒங்க ஆர்டரு செல்லாது. கால எடுத்துட்டா இந்த மலையில நான் என்னத்துக்கு? இங்கனயே கெடந்து போயிர்றேன்.”

சாகுல் கெஞ்சினான். நான் மகளின் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். பக்கத்தில் அரிவாள்.

காம்பஸ் தரையில் கட்டிலை ஒட்டி உட்கார்ந்தார். அவர் தரையில் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை.

“அந்தோணி, சரி, நீ வரவேணாம். நாங்க எறங்குறோம். ஆனா எனக்குக் கீழ போக வழி தெரியாதுடா.”

அந்தோணி அசையவில்லை.

“இன்னைக்கின்னு இல்லடா. ராஜஸ்தான்லயும் தெரியாது. அந்தப் பனியிலயும் தெரியாது. என்னைக்குமே தெரிஞ்சதில்ல. நீங்கள்லாம் பின்னால வாரீகளேன்னு காலு போன பக்கம் நடந்தேன். பயந்துக்கிட்டேதான் நடந்தேன். இப்ப ஒருத்தன் மேலேயே நின்னுட்டா எனக்குக் காலு ஓடாதுடா அப்பு.”

அந்தோணியின் முதுகு குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்துக் குனிந்தேன். சிரித்துக்கொண்டிருந்தான். கண்ணில் தண்ணீரும் ஓடிக்கொண்டிருந்தது.

“சாகுலு, கேட்டியாடா?” என்றான்.

“கேட்டேன்.”

“நீயி?”

“நானும் கேட்டேன்” என்றேன்.

“இதக் கேக்கத்தானேடா இம்புட்டு வருசம் கெடந்தோம்!” என்று எழுந்து உட்கார்ந்தான். “வெளிய குதிர நிக்குது. முதுகுல சாக்கப் போடுங்க.”

சிறுமலையில் வாழைத்தாரைக் குதிரை முதுகில் ஏற்றித்தான் இறக்குவார்கள். தார் இருக்க வேண்டிய இடத்தில் அந்தோணியை ஏற்றினோம். ரோட்டில் மண் சரிந்த சேற்றைக் குதிரை தாண்டாது என்பதால் ஒற்றையடிப் பாதையில் இறங்கினோம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு காம்பஸ் முன்னால் நடந்தார். முதல் பிரிவிலேயே இடது பக்கம் திரும்பினார்.

“சாப், வலது” என்றான் அந்தோணி மேலிருந்து.

“தெரியும்டா. ஒனக்கு நெனவு இருக்கான்னு பாத்தேன்.”

அடுத்த பிரிவில் வலது பக்கம் இழுத்தார். குதிரையே மறுத்துவிட்டது. அது இடது பக்கம் அவரை இழுத்துக்கொண்டு போனது. அந்தோணி வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான். அவன் மயங்கிச் சாயும்போதெல்லாம் காம்பஸ், “பேரச் சொல்லு!” என்று கத்துவார். அவன் முனகுவான். அதைக் கேட்ட பிறகுதான் அவர் அடுத்த அடி வைத்தார். மண் சரிவுக்குக் கீழே ரோட்டை எட்டியபோது பொழுது சாய்ந்திருந்தது. வேனில் தோல் வாடைக்கு நடுவே அவனைப் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆள் மிஞ்சியிருக்க மாட்டான் என்றார் டாக்டர். கறுத்த விரல்கள் இரண்டும் போயின. கால் தப்பியது.

அந்தோணி ஆஸ்பத்திரியில் தேறிவரும் நாட்களில் சாகுல் மெதுவாக ஆரம்பித்தான். “சாப், அன்னைக்கு மலையில வழியே தெரியாதுன்னு ஒத்துக்கிட்டீகள்ல…”

“அது டாக்டிக்ஸ்டா. அவனக் கெளப்பணும்ல? எனக்கா வழி தெரியாது?” என்றவர், எழுந்து கழிப்பறைக்குப் போகும்போது எக்ஸ்ரே அறைக் கதவைத் திறந்தார்.

வீட்டுக்கு அனுப்பும் நாளன்று நர்ஸ் அம்மா வந்தார். மகள் திருப்பூரிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை.

“பேஷண்டைக் கூட்டிட்டுப் போறது யாரு?”

“நான்தாம்மா” என்றார் காம்பஸ்.

“நீங்க அவருக்கு என்ன உறவு?”

காம்பஸ் அண்ணன் என்று சொல்லியிருக்கலாம். மாமன் என்றிருந்தாலும் யாரும் கேட்டிருக்கப்போவதில்லை.

“என் ஆளும்மா” என்றார்.

“அப்படின்னா?”

“என் ஆளு. அம்புட்டுத்தான்.”

நர்ஸ் அம்மா சிரித்துக்கொண்டே எங்கள் பக்கம் கையைக் காட்டினார். “அப்ப இவங்க?”

காம்பஸ் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. குனிந்து அந்தோணியின் செருப்பை எடுத்து அவன் காலில் மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

“அவனுகளும் என் ஆளுகதாம்மா” என்றார்.

சாகுல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நானும்தான்.