ஒரே ஒரு நிமிஷம்

காரின் பூட்டு 'டக்' என்று விழுந்தபோது லோவெல் ஹாட்ச்சர் வெளியே நின்றிருந்தார். சாவி, போன், அவருடைய நாய் டஸ்டி மூன்றும் உள்ளே.

அரிசோனா ஜூலை. காலை பதினொரு மணிக்கே நூற்றுப் பன்னிரண்டு டிகிரி. எதிரே நூலகத்தில் அவர் பேச்சைக் கேட்க முப்பது பேர் காத்திருந்தார்கள். தலைப்பு: 'நிறுத்திய காரில் நாயை விடாதீர்கள்.'

ஏசிதான் ஓடுகிறதே, ஒரே நிமிஷம், துண்டுப் பிரசுரக் கட்டை நூலகத்தில் வைத்துவிட்டு வந்துவிடலாம் என்று இறங்கியிருந்தார். வழியனுப்ப டஸ்டி கதவின் மேல் காலை வைத்தது. பூட்டும் பொத்தான் அங்கேதான் இருந்தது.

"கண்ணு, அதே இடத்துல இன்னொரு மிதி மிதிடா!"

டஸ்டி வாலை ஆட்டியது.

எப்படி மிதிப்பது என்று லோவெல் குதித்துக் காட்டினார். டஸ்டிக்கும் உற்சாகம் வந்துவிட்டது. அது குதித்த குதியில் இன்னொரு பொத்தான் அமுங்கி, இஞ்சின் நின்றது. ஏசியும் நின்றது.

பத்து நிமிஷத்தில் காருக்குள் இருபது டிகிரி ஏறிவிடும். பிரசுரத்தின் முதல் வரியே அதுதான், அவரே எழுதியது. இரண்டாவது வரி: 'கண்ணாடியை உடைக்கும் முன் போலீஸைக் கூப்பிடுங்கள்.'

நூலகத்துக்குள் ஓடினார்.

"நடீன், போன் குடும்மா! வண்டிக்குள்ள நாய்!"

"ஓ, பேச்சை ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று நூலகர் நடீன் சிரித்துக்கொண்டே போனை நீட்டினாள்.

மறுமுனையில் போலீஸ் அம்மாள் நிதானமாக விசாரித்தாள். "நாய்க்குச் சொந்தக்காரர் அங்க இருக்காரா?"

"இருக்கார்."

"ஆளு எப்படி?"

"நல்லவர்தான்..."

"நல்லவனா? கிழிச்சான்! எங்காளு வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க, உடைங்க."

அதற்குள் நடீன் கூடத்துக்குள் தலையை நீட்டியிருந்தாள். "எல்லாரும் வெளிய வாங்க! இன்னிக்கிப் பேச்சு கார் நிறுத்தத்துல!"

முப்பது பேரும் தொப்பியோடு வந்து வட்டமாக நின்றார்கள். லோவெல் அவர்களைப் பார்க்கவில்லை. டஸ்டியின் நாக்கு தொங்கிக் கிடந்தது, வால் ஆடவில்லை. மானம் போனால் போகட்டும் என்று ஒரு கல்லைத் தூக்கினார். முதல் அடியில் கல் திரும்பி வந்து அவர் காலிலேயே விழுந்தது. இரண்டாவதில் கண்ணாடி நொறுங்கி, கார் ஊரைக் கூட்டி அலறியது.

நாயை நிழலுக்குத் தூக்கிவந்து, யாரோ நீட்டிய தண்ணீரை அதன் மேல் ஊற்றினார். தரையிலேயே உட்கார்ந்து அழுதார். "தப்புடா, என் தப்புடா டஸ்டி."

டஸ்டி மெல்லக் கண்ணைத் திறந்து அவர் காதை நக்கியது.

கைத்தட்டல் எழுந்தது. அடங்கவே இல்லை.

"இல்லைங்க, நான் நிஜமாவே..." என்று தொடங்கினார். யார் காதிலும் விழவில்லை.

முன்வரிசையில் நின்ற வைக்கோல் தொப்பிக் கிழவி கிட்டே வந்து தோளில் தட்டினாள்.

"நடிப்பு பிரமாதம் தம்பி. கதைதான் நம்புற மாதிரி இல்ல. இந்த வெயில்ல நாயை உள்ள வெச்சிட்டுப் போற அளவுக்கு ஒரு முட்டாள் இருப்பானா?"