கரடிக்கு எட்டாத மூட்டை

இந்த வருஷம் மலையில் கூடாரம் போடப் போகும்போது, முதுகில் ஒரு அவுன்ஸ்கூட வீண் பாரம் ஏற்றுவதில்லை என்று சபதம் எடுத்தேன். பல் துலக்கும் பிரஷ்ஷின் பிடியைப் பாதியாக அறுத்தேன். தேயிலைப் பைகளில் தொங்கும் நூலைக்கூட ஒவ்வொன்றாகக் கிள்ளி எறிந்தேன். பாக்கி இருந்தது கயிறு.

எங்கள் மொன்டானா மலைகளில் ராத்திரி சாப்பாட்டை மூட்டை கட்டி உயரமான கிளையில் தொங்கவிட்டே ஆக வேண்டும். இல்லாவிட்டால் கரடி வந்து மூட்டையை முடித்துவிட்டு, அடுத்து நம்மையும் ஒரு பார்வை பார்க்கும். என் மனைவி வெர்னா மாவு நிறுக்கும் தராசில் கடைக் கயிறு அத்தனையையும் நிறுத்துப் பார்த்தேன். கடைசியில் நூடுல்ஸ் தடிமனில் வழவழவென்று ஒன்று தேறியது. ஒரு ஆளையே தாங்குமாம்.

"இது கயிறா, பல்லிடுக்குல விட்டு இழுக்கிற நூலா?" என்றாள் வெர்னா. "துணி காயப்போடுற கயித்தை எடுத்துக்க, ஹார்லன்."

"அதைச் சுமக்க ஒரு கழுதை வேணும்."

"அதான் நீ வர்றியே."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பந்தயம் என்றேன். நான் ஜெயித்தால் கோடை விடுமுறை முழுக்க மலையில். தோற்றால் அவள் அண்ணன் ட்வைட் வீட்டில். மச்சான் தான் பிடித்த மீன்களைப் பற்றி இரண்டு கையையும் விரித்துப் பேசுவார். பேசிக்கொண்டே நம் கையில் பெயின்ட் டப்பாவைத் திணித்து மாட்டுக் கொட்டகைப் பக்கம் தள்ளிவிடுவார்.

"ஜெயிக்கிறதுன்னா என்ன?" என்று கேட்டாள். "காலைல அந்தச் சாப்பாடு நம்ம தட்டுக்கு வரணும். அவ்வளவுதானே?"

"வரும்."

"வரலேன்னா ட்வைட் வீடு."

"சரிம்மா."

அதன் பிறகு வெர்னா காட்டிய அன்பு இருக்கிறதே! முழுப் பன்றித்தொடையைப் புகை போட்டாள். பீன்ஸ் டின்கள், உருளைக்கிழங்கு, பெரிய பாட்டிலில் பீச் பழ ஜாம், எல்லாம் எனக்குப் பிடித்தவை. தோற்கப் போகிறவள் மனசு இளகிவிட்டாள் என்று எனக்கே பாவமாகிவிட்டது. மூச்சிரைக்க அத்தனையையும் நானே சுமந்தேன். சாயங்காலம் பைன் மரக் கிளையில் கயிற்றை வீசி, தம் பிடித்து மூட்டையை ஏற்றினேன்.

விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். மரத்தைச் சுற்றிலும் கரடியின் கால் தடம். மேலே மூட்டை அப்படியே இருந்தது. அங்கேயே ஒரு ஆட்டம் போட்டுவிட்டு முடிச்சை அவிழ்த்தேன்.

மூட்டை இறங்கவில்லை. உலுக்கினேன். தொங்கினேன். கயிறு ரம்பம் போலக் கிளையை அறுத்துக்கொண்டு பட்டைக்குள் புதைந்து கிடந்தது. கிளையை அறுத்தது போதாதென்று என் விரலையும் அறுத்தது.

வெர்னா உதட்டைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"எங்கே போயிருந்தே?"

"பக்கத்துக் கூடாரத்துல. அப்பம் சுட்டாங்க, சாப்பிடக் கூப்பிட்டாங்க."

"எனக்கு?"

"ஜெயிக்கப் போற ஆளுக்கு நான் போய்க் கையேந்தினா உனக்குத்தானே அவமானம்?"

"கரடி தொடக்கூட இல்லை, வெர்னா."

"கரடியைப் பத்தி யாரு பேசினா? தட்டுக்கு வந்துச்சா?"

பசியில் எனக்குக் கண்ணைக் கட்டியது. "இப்படி ஆகும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"சீஸை நான் கம்பியாலதானே வெட்டுறேன்? மெல்லிசாவும் இருந்து, நல்லா பாரமும் கொடுத்தா எதுக்குள்ளயும் இறங்கும்."

அண்ணாந்து பார்த்தேன். பன்றித்தொடை, பீன்ஸ், உருளைக்கிழங்கு, ஜாம்.

"அப்ப இதெல்லாம் நீ ஆசையா கட்டிக் கொடுத்ததில்லையா?"

"ஆசையாத்தான் கட்டினேன்," என்றாள் வெர்னா. "எங்க அண்ணனைப் பார்த்து எத்தனை நாளாச்சு."