முதல் வாங்கு

“இடக்கை இல்லையடா, வலக்கை,” என்றான் டிலக்ஷன்.

“வலக்கையிலை புட்டு இருக்குது,” என்றான் ஆரூரன்.

ஐந்து வயதுப் பிள்ளையின் விடையில் பிழையேதும் இல்லை என்பதால் தகப்பனுக்கு எரிச்சல் கூடியது. சிலுவை அடையாளம் வலக்கையால் இடப்படுவது; நெற்றி, நெஞ்சு, இடத்தோள், வலத்தோள் என்பது அதன் ஒழுங்கு. தான் வேலை செய்யும் கந்தோரின் ஜீப்பில் முன்னிருக்கையில் இருந்து இவ்வளவையும் கற்றுக்கொண்டு வந்து, மானிப்பாயில், பிள்ளையார் படத்துக்குக் கீழே கிடந்த சாப்பாட்டு மேசையில் மகனுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தான் அவன்.

“அப்ப சாப்பிட முதலே போடு.”

“சாப்பிட முதல் அம்மப்பா திருநீறு பூசச் சொன்னவர்.”

“அதுக்கும் முதல் போடு.”

“அதுக்கு முதல் நான் நித்திரை அப்பா.”

அடுக்களையிலிருந்து மனைவி சுபாஜினி எட்டிப் பார்த்தாள். “அவனை விடுங்கோ. நீங்கள் ஒருக்கால் பிழையில்லாமல் போட்டுக் காட்டுங்கோ பாப்பம்.”

டிலக்ஷன் போட்டான். வலத்தோள் முதலில் வந்தது.

நீர்ப்பாசனத் திணைக்களத்தில் அவன் தொழினுட்ப உத்தியோகத்தர். வலிகாமத்தின் வாய்க்கால்களை நன்கு அறிந்தவன். பதவி உயர்வு நேர்முகத்தில் இரண்டு தடவை ஆங்கிலத்தில் கேட்கப்பட்ட கேள்விக்குத் தமிழில் யோசித்துக்கொண்டிருக்கையில் அவனுக்குரிய நேரம் முடிந்துபோயிற்று. மகனுக்கு அந்த நிலை வரக்கூடாது. ஆகவே, நகரில் கத்தோலிக்கக் குருமார் நடத்தும், ஆங்கிலத்துக்குப் பேர்போன தனியார் கல்லூரியின் முதலாம் வகுப்பில் ஆரூரன் சேர்ந்தாகவேண்டும்.

அங்கே இடங்களில் ஒரு பாதி கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு, மறு பாதி சைவப் பிள்ளைகளுக்கு. சைவரின் பாதிக்கு வலிகாமமும் தென்மராட்சியும் திரண்டு வரும். கத்தோலிக்கரின் பாதிக்குக் கரையோரத்துக் கோயில்கள் சிலவற்றின் பங்குச் சனம் மட்டுமே வரும். எந்த வாய்க்காலில் நெருக்கடி குறைவு என்பது நீர்ப்பாசனம் படித்தவனுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

வழி சொன்னவர் கந்தோர் ஜீப் சாரதி வின்சன்ற். குருநகர்க்காரர், பரம்பரைக் கத்தோலிக்கர். அவருடைய மனைவி குணலட்சுமி உடுப்பிட்டிச் சைவக் குடும்பத்துப் பெண். கத்தோலிக்கக் கோயிலில் கைப்பிடித்து அவர் பக்கம் வந்தவர்.

“ஞானஸ்நானப் பத்திரம் கேக்க மாட்டினமே அண்ணை?”

“மாட்டினம் தம்பி. சண்டைக்குள்ளை சனம் எல்லாத்தையும் விட்டிட்டு ஓடி வந்த காலத்திலை, பத்திரம் கேட்டு ஒருத்தரையும் திருப்பக் கூடாது எண்டு அப்ப இருந்த பெரிய பாதர் சொல்லிப் போட்டார். அந்த வழக்கம் இன்னும் கிடக்கு. ஞாயிற்றுக்கிழமை கல்லூரிக் கோயில் பூசையிலை பாதருக்கு முகம் தெரியோணும். அவ்வளவுதான்.”

“பேர் ஆரூரன் எண்டு கிடக்கே.”

“வீட்டிலை ஒரு பேர், கோயிலிலை ஒரு பேர் எங்கடை ஆக்களுக்கும் கிடக்கு. ஆரோன் எண்டு கூப்பிடுங்கோவன்.” வின்சன்ற் கியரை மாற்றினார். “என்ரை கடைக்குட்டி றொகானும் இந்த முறைதான். ரெண்டு பேரும் ஒண்டாய்ப் படிக்கட்டும்.”

முகம் தெரியவேண்டும் என்றால் முன்வரிசை இருக்கையான முதல் வாங்கில் இருக்கவேண்டும் என்று டிலக்ஷன் முடிவு செய்தான். இதில் இருந்த குறைபாடு பூசை தொடங்கிய பிறகே புலப்பட்டது. எப்போது எழும்புவது, எப்போது முழந்தாளிடுவது என்று பார்த்துச் செய்வதற்கு முன்னால் ஒருவரும் இல்லை. காதைப் பின்னால் கொடுத்து, வாங்குகள் கிரீச்சிடும் ஓசையைக் கொண்டு அவன் எழுந்தான்; அமர்ந்தான். பிரசங்கத்தின் நடுவில் எங்கோ ஒரு வாங்கு கிரீச்சிட, மனைவியையும் மகனையும் இழுத்துக்கொண்டு எழுந்து நின்றான்.

அதிபராகிய பாதர் பிரசங்கத்தை நிறுத்தி அவனைப் பார்த்தார். டிலக்ஷன் திரும்பிப் பார்த்தான். அவனுக்குப் பின்னால் ஆறு வாங்குகளும் எழுந்து நின்றன. மதிப்போடு ஒரு கணம் நின்றுவிட்டு அவன் அமர, ஆறு வாங்குகளும் அமர்ந்தன.

“பாத்தீரே, எல்லாரும் எழும்பினவை,” என்றான் வெளியே வந்ததும். “நான் பிழை விடேல்லை.”

“நற்கருணை அப்பம் வாங்க ஒருத்தரும் எழும்பேல்லையே,” என்றாள் சுபாஜினி. “அந்த ஆறு வாங்கும் கல்லுமாதிரி இருந்தது.”

பாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யாததால் நற்கருணை வாங்க முடியாதவர்கள் கத்தோலிக்கரிலும் மிகுதிதான் என்று அவன் தீர்மானித்தான். வின்சன்ற், மனைவியோடும் மகனோடும் வாசலோரம் நின்றபடியே பூசை கண்டதை அவன் கவனித்திருந்தான். இத்தனை காலமாக வருகிற மனிதர் இப்படி ஒதுங்கி நிற்கிறாரே என்று அவருடைய தாழ்மையை மனத்துக்குள் மெச்சினான்.

வீட்டில் சிக்கல் வேறு விதமானது. சுபாஜினியின் தகப்பன் மார்க்கண்டு ஊர்ப் பிள்ளையார் கோயில் பரிபாலன சபையின் தலைவர். நெற்றியில் திருநீறு இல்லாமல் பேரன் படலையைத் தாண்ட முடியாது. எனவே போகும்போது மதகடியில் மோட்டார்சைக்கிளை நிறுத்தி லேஞ்சியால் மகனின் நெற்றியைத் துடைப்பதும், வரும்போது இருக்கைக்குக் கீழே ஒளித்து வைத்த சிறு பேணியிலிருந்து மறுபடி பூசுவதும் வழக்கமாயின.

ஆதலால் விபூதிப் புதன் என்று ஒரு நாள் உண்டென வின்சன்ற் சொன்னபோது அவனுக்கு ஆறுதலாக இருந்தது.

“அண்டைக்கு எல்லாருக்கும் நெத்தியிலை விபூதியோ அண்ணை?”

“ஓம் தம்பி. பாதரே போட்டு விடுவார்.”

அன்று மதகடியில் அவன் நிற்கவில்லை. குறை வைக்கக்கூடாது என்று மூன்று பேரின் நெற்றியிலும் புதிதாக முக்குறி இழுத்துக்கொண்டு கோயிலுக்குள் போனான். வாசலில் நின்ற மரியநாயகி என்னும் மூதாட்டியின் நெற்றி வெறுமையாக இருந்தது. டிலக்ஷன் லேஞ்சியைத் தேடிப் பைக்குள் கை விட்டான். ஆயினும் மூன்றாம் வாங்கில் ஒரு குடும்பம் முழுவதும் பட்டையாக விபூதி பூசி இருந்ததைக் கண்டு தெம்படைந்தான். இவர்களும் இப்படித்தான் பூசுகிறார்கள்.

பாதர் சாம்பல் தோய்ந்த விரலோடு அவன் முன் வந்து, இடம் தேடுகிறவர் போலச் சற்று நின்றார்.

“வீட்டிலையே போட்டிட்டியளோ?”

“ஓம் பாதர். எங்கடை வீட்டிலை வழக்கம்.”

அவன் அந்தக் கோயிலில் சொன்ன முதல் உண்மை அது. பாதர் முக்குறியின்மேல் கறுப்புச் சிலுவை ஒன்றை வரைந்துவிட்டு நகர்ந்தார்.

வீட்டுப் படலையில் மார்க்கண்டு நின்றார்.

“உதென்ன மருமோன், நடுவிலை கறுப்பு? எந்தக் கோயில் விபூதி?”

“கதிர்காமம் மாமா. கந்தோரிலை ஒராள் போய் வந்தவர்.”

மார்க்கண்டு பேரனின் நெற்றியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து மணந்து, தம் நெற்றியில் இட்டுக் கண்ணை மூடினார். திறந்தபோது கண் கலங்கியிருந்தது.

“முருகன் கூப்பிடுறான். பெடியனுக்குப் பள்ளிக்கூடம் கிடைக்கோணும் எண்டு நான் வைச்ச நேர்த்தி ஒண்டு கிடக்கு. இனிப் பிந்தக் கூடாது.”

அவர் பிந்தத்தான் செய்தார். நேர்முகத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை டிலக்ஷன் வேலையிலிருந்து வந்தபோது ஆரூரன் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு முற்றத்தில் நின்றான்.

“சந்நிதிக்குப் போனனாங்கள்,” என்றான் மகன். “முருகன் என்ரை மயிரை எடுத்திட்டார்.”

டிலக்ஷன் கதிரையில் இருந்தான். மாமனாரை ஏச முடியாது. அவர் வேண்டிக்கொண்டதும் இதே கல்லூரிக்காகத்தான்.

திங்கட்கிழமை கந்தோரில் வின்சன்ற் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார்.

“மடு மாதாவுக்கு நேர்த்தி எண்டு சொல்லுங்கோ தம்பி. எங்கடை சனமும் அங்கை மொட்டை அடிக்கிறதுதானே.” பிறகு தயக்கத்தோடு, “சின்னப் பிள்ளையளுக்கு லேசாய்ப் பாடமாகிற தேவாரம் எது?” என்று கேட்டார்.

கந்தோரின் நவராத்திரி வாணி விழாவுக்கு இவ்வளவு முன்கூட்டியே ஆயத்தம் செய்கிறாரே என்று நெகிழ்ந்துபோன டிலக்ஷன், ஜீப்பில் இருந்தபடியே ஒரு தேவாரத்தைப் பண் பிசகாமல் பாடிக் காட்டினான். வின்சன்ற் தம் தொலைபேசியில் அதைப் பதிந்துகொண்டார். சில மாதங்களாக அவருடைய குடும்பத்தைக் கல்லூரிக் கோயில் வாசலில்கூடக் காணவில்லை என்பது அப்போது அவனுக்கு நினைவுக்கு வந்தது. கேட்பது முறையல்ல என்று விட்டுவிட்டான்.

நேர்முகத்தில் பாதர் ஆரூரனைத் தமக்கு எதிரே இருத்தினார்.

“மொட்டை?”

“மடு மாதாவுக்கு நேர்த்தி பாதர்,” என்றான் டிலக்ஷன்.

“அப்பிடியோ. அங்கை என்னடா பாத்தாய்?”

“மயில்,” என்றான் பிள்ளை.

சுபாஜினி சேலைத் தலைப்பை இறுகப் பற்றினாள்.

“ஓம், மடுக் காட்டிலை மயில் நிறைய,” என்றார் பாதர். “வேறை?”

“சோறு குடுத்தவை.”

“குடுப்பினம். உன்ரை பேர் என்ன?”

ஆரூரன் தகப்பனைப் பார்த்தான், தாயைப் பார்த்தான். அறிவுள்ள பிள்ளையாதலால் தெளிவுபடுத்திக்கொள்ள விரும்பினான்.

“எந்தக் கோயிலுக்கு?”

பாதர் பேனையை மேசையில் வைத்தார்.

“எங்கடை கோயிலுக்கு,” என்றார் பாதர் மெதுவாக.

“ஆரோன்.”

பின்னர் அவன் வலக்கையால் சிலுவை அடையாளம் இட்டு, கேட்கப்பட்ட செபங்களையும் கேட்கப்படாத செபங்களையும் மூச்சு விடாமல் ஒப்புவித்தான். பாதர் கதிரையில் சாய்ந்தார்.

“இந்த வருசம் வந்த பிள்ளையள் மாதிரிப் பிழையில்லாமல் செபம் சொல்லுற பிள்ளையளை நான் ஒரு நாளும் காணேல்லை,” என்றார். ஏனோ அவர் முகத்தில் மகிழ்ச்சி இருக்கவில்லை.

டிலக்ஷனுக்கு இருந்தது. மானிப்பாய் அரசினர் பாடசாலைக்கு விண்ணப்பம் கொடுக்க மறுநாளே கடைசி நாள்.

“அங்கையும் ஒண்டைக் குடுத்து வைப்பமே?” என்றாள் சுபாஜினி.

“பாதர் சொன்னதைக் கேட்டனீர்தானே. பிறகேன் அங்கை?”

அந்த நாள் போயிற்று.

முடிவு சொல்லும் நாளில், கல்லூரி அலுவலக விறாந்தையில் சிற்றூழியர் செபநாயகம் தனியே நின்றார். முற்றமெங்கும் தாய் தகப்பன்மார். ஆறு வாங்குகளிலும் கண்ட முகங்கள். ஒருவரும் ஒருவரைப் பார்க்கவில்லை.

“ஆரோனுக்கு இடமில்லை தம்பி,” என்றார் செபநாயகம். “கத்தோலிக்கப் பக்கம் நிரம்பி வழியுது. பாதர் கடைசியிலை சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் எடுத்தவர்.”

டிலக்ஷனின் கையைப் பிடித்தபடி ஆரூரன் மேலே பார்த்தான். மயிர் அரைகுறையாக முளைத்திருந்தது.

“நான் செபம் பிழையாய்ச் சொன்னனானோ அப்பா?”

டிலக்ஷன் மகனின் தலையைத் தடவிவிட்டு, செபநாயகத்தை ஒரு தூணுக்குப் பின்னால் அழைத்துச் சென்றான்.

“அண்ணை, உங்களுக்கு மட்டும் உண்மையைச் சொல்லுறன். நாங்கள் சைவம்.”

“ஓம்,” என்றார் செபநாயகம். “விடியத்திலை இருந்து எல்லாரும் இந்தத் தூணுக்குப் பின்னாலை வந்து அதைத்தான் சொல்லுகினம்.”

டிலக்ஷன் தூணுக்கு அப்பால் எட்டி முற்றத்தைப் பார்த்தான்.

“அப்ப சைவப் பக்கத்திலை இடம் கிடக்கோ?”

“இடம் தாராளமாய்க் கிடக்கு. ஆனால் கேக்கிற நாள் எப்பவோ முடிஞ்சுது. அந்தப் பக்கம் கேட்டு வந்தது ஒரேயொரு பிள்ளை, அதுக்குக் கிடைச்சிட்டுது.”

“மிச்ச இடத்தை எங்களுக்குத் தந்தால் என்ன?”

“அதிலை பாதர் சரியான கண்டிப்பு. சைவப் பிள்ளையளின்ரை இடத்தைக் கத்தோலிக்கருக்குத் தூக்கிக் குடுக்கிறது அநியாயமாம். நீங்கள் கத்தோலிக்கர் எண்டு ஒவ்வொரு ஞாயிறும் முதல் வாங்கிலை இருந்து அவருக்குக் காட்டினனீங்கள்தானே.”

அப்போது அலுவலகக் கதவு திறந்தது. அந்த ஒரேயொரு சைவப் பிள்ளை, எண்ணெய் வைத்து வாரிய தலையும் பளிச்சென்ற முக்குறியுமாக வெளியே வந்தது. அதன் வலக்கையைக் குணலட்சுமி பிடித்திருந்தார். இடக்கையைப் பிடித்திருந்தவர் வின்சன்ற்.

“றொகான்?” என்றான் டிலக்ஷன்.

“தாயின்ரை பக்கத்தாலை கேட்டனாங்கள் தம்பி. நீங்கள் பாடித் தந்த தேவாரத்தைப் பெடியன் வடிவாய்ப் பாடினவன்.”

“நீங்கள் பரம்பரைக் கத்தோலிக்கர் அண்ணை.”

வின்சன்ற் முற்றத்தில் நின்றவர்களை ஒரு முறை பார்த்தார். அவர் குரலில் கோபம் சிறிதும் இருக்கவில்லை.

“பின்னை என்ன செய்யிறது தம்பி, எங்கடை வாங்கு முழுக்க நீங்கள் எல்லாரும் வந்து இருந்திட்டியள், உங்கடை வாங்குதான் வெறுமையாய்க் கிடந்தது.”