எருக்கலை அண்ணை வீட்டுப் புழுக்கள்

ரொறன்ரோவில் வீட்டு முன்புல்லை ஒழுங்காக வைத்திருக்கத் தெரியாத தமிழர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். களை வளர்ப்பதற்கென்றே வீடு வாங்கியவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். எருக்கலை அண்ணை. அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்குத் தெரிந்திருக்கலாம். எங்களுக்குத் தேவைப்படவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஸ்காபரோவில் அவர் வீட்டு பேஸ்மென்றில் நானும் மனைவியும் வாடகைக்கு இருந்தோம். அண்ணை பிளாஸ்ரிக் வாளி செய்யும் ஃபக்ரறியில் வேலை. ஒரு யூலை மாதக் காலை, பஸ் பிடிப்பதற்காக மின்கம்பிக் கோபுரங்களுக்குக் கீழே இருந்த புல்வெளியைக் குறுக்கறுத்து நடந்தவர், அகல இலையோடு ஒரு செடியைக் கண்டு நின்றிருக்கிறார். இலையைக் கிள்ளினார். பால் வந்தது. அவ்வளவுதான், பஸ் போய்விட்டது, வேலையும் அன்றைக்குப் போய்விட்டது. வேரோடு பிடுங்கிய செடியும் கையுமாக வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"இஞ்சேரும்! ஓடி வாரும்! கனடாவிலை எருக்கலை!"

அவருடைய மனைவி, எங்களுக்கு அக்கா, எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "வேலைக்குப் போன மனுசன் குழையோடை வந்து நிக்குது. குளிர் விட்ட பிறகும் மூளை இளகேல்லை."

அது ஊரில் பிள்ளையாருக்குச் சாத்தும் எருக்கு இல்லை, அதற்குத் தூரத்துச் சொந்தம், இங்கே மில்க்வீட் என்று சொல்வார்கள் என்று நான் விளக்கப் பார்த்தேன்.

"பேரிலையே பால் இருக்குதெல்லோ தம்பி? பிறகென்ன?" என்றார்.

பிள்ளையாருக்குப் பூ வேண்டும் என்று முன்முற்றத்தில் நட்டார். அந்தச் செடி நிலத்துக்குக் கீழால் வேர் ஓட்டுகிற சாதி. இரண்டு கோடைக்குள் புல் முழுவதும் காணாமல் போய், நெஞ்சளவு உயரத்தில் ஒரு காடு நின்றது. இளஞ்சிவப்புக் கொத்துப் பூக்களின் வாசம் பேஸ்மென்ற் வரைக்கும் வரும். பிள்ளையார் படம் பூவுக்குள் மறைந்து, தும்பிக்கை மட்டும் தெரிந்தது.

பிறகுதான் புழுக்கள் வந்தன. மஞ்சள், கறுப்பு, வெள்ளை வரிபோட்ட புழுக்கள். அண்ணைக்கு வந்த கோபத்தை இப்போதும் மறக்கமுடியாது. "பிள்ளையாற்ரை சொத்திலை வாய் வைச்சிட்டாங்கள்!" என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி வேலிக்கு அப்பால் எறிந்தார். அதில் ஒன்று தப்பி, அக்காவின் உடுப்புக் கொடியில் போய்த் தொங்கிக் கூடு கட்டிவிட்டது. பச்சைக் கல்லில் செய்த தோட்டுத் தொங்கல்போல இருந்தது. கழுத்தைச் சுற்றிச் சின்னச் சின்னத் தங்கப் பொட்டுகள்.

அண்ணை கையை நீட்டினார். அக்கா கையிலே தட்டினார்.

"தொடாதையுங்கோ. இதை எறிஞ்சியளெண்டால் அடுத்தது உங்களைத்தான் எறிவன். பாருங்கோ, ஒரு புழு தனக்குத் தானே நகை செய்து போட்டிருக்குது. நீங்கள் எனக்குச் செய்து தந்தனீங்களோ?"

அந்தக் கூட்டிலிருந்து ஒரு செம்மஞ்சள் வண்ணாத்திப்பூச்சி வெளிவந்து, நனைந்த சிறகை விரித்துக் காயவைத்ததை அண்ணை பக்கத்தில் கதிரை போட்டிருந்து பார்த்தார். அது பறந்தபோது எழும்பி நின்றார். பிறகு நூலகத்துக்குப் போய் விசாரித்துக்கொண்டு வந்தார். அந்தப் பூச்சிக்கு மொனாக் என்று பெயராம். பனி வரமுன்னர் மெக்சிக்கோ வரைக்கும் பறந்து போகுமாம். அதன் குஞ்சுகளுக்கு இந்தச் செடியின் இலையைத் தவிர வேறொன்றும் தின்ன ஏலாதாம். களை என்று எல்லோரும் வெட்டி வெட்டி, பூச்சியும் குறைந்துகொண்டு போகிறதாம்.

அன்றிலிருந்து புழுக்களுக்கு மரியாதை தொடங்கியது. "சாப்பிட்டிட்டினம்", "தோல் கழட்டினம்", "ஒராள் சுகமில்லாமல் படுத்திருக்கிறார்" என்றெல்லாம் அண்ணை புதினம் சொல்ல, அக்காவின் சொந்தக்காரர்கள் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து என் மனைவி ஒருநாள் கூடுதலாகச் சோறு போட்டுவிட்டாள்.

இதற்கிடையில் பக்கத்து வீட்டுக்காரர் யூனியன்வில்லில் புது வீடு எடுத்துக்கொண்டு போக, பழைய வீட்டை விற்றுக்கொடுக்க 'சதுர அடி' வந்து சேர்ந்தார். இவர் எங்கள் ஆட்களிடையே பெயர்போன வீட்டு ஏஜன்ற். நலம் விசாரித்தாலும் பதிலில் இரண்டு சதுர அடி இருக்கும். பக்கத்து வளவில் தன்னுடைய சிரித்த படம் போட்ட பெரிய பலகையை நட்டுவிட்டு, எங்கள் காட்டைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

"அண்ணை, வீடு பாக்க வாற சனம் உங்கடை பத்தையைப் பாத்திட்டுக் காரை விட்டு இறங்காமலே போகுது. ஒருக்கா வெட்டிவிடுங்கோவன்."

"உது பத்தையில்லை, சமையலறை. இப்ப பந்தி நடக்குது. முடியட்டும்."

அடுத்த கிழமை நகரசபையிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். யார் அழைத்தது என்று எவரும் கேட்கவில்லை. அண்ணை என்னை மொழிபெயர்ப்புக்கு இழுத்துவந்து நிறுத்தினார்.

"சொல்லு தம்பி, உது பிள்ளையாற்ரை மரமெண்டு."

யானைத் தலையுள்ள ஒரு கடவுளுக்கு இந்தச் செடி சொந்தம் என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அதிகாரி பேனையை எடுத்தார்.

"அவர் இதே விலாசத்தில்தான் இருக்கிறாரா?"

"என்னவாம்?" என்றார் அண்ணை.

"பிள்ளையார் இந்த வீட்டிலையோ இருக்கிறார் எண்டு கேக்கிறா."

"ஓம் எண்டு சொல்லு. முன்னறையிலை இருக்கிறார். வாடகை இல்லை."

அண்ணை ஓர் இலையைத் திருப்பி, அடியில் ஒட்டிக்கொண்டிருந்த புழுவைக் காட்டினார். அதிகாரி குனிந்து, நிறைய நேரம் பார்த்தார். வடிவாக இருக்கிறது என்றுகூடச் சொன்னார். ஆனால் செடி களைப் பட்டியலில் இருக்கிறது, அடுத்த கிழமை வருவேன், வெட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நகரசபையே ஆள்விட்டு வெட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். கெட்ட மனுசி இல்லை. சட்டத்துக்குப் புழுவைத் தெரியாது, அவ்வளவுதான்.

அன்று அண்ணை சாப்பிடவில்லை. அக்கா சோற்றுக் கோப்பையை முன்னால் வைத்துவிட்டுச் சொன்னார்: "உங்கை குந்தியிருந்து யோசிச்சால் புழு பறக்குமோ? வீட்டிலை எத்தினை ஜாம் போத்தல் கிடக்குது. எழும்புங்கோ."

அந்தக் கிழமை எங்கள் வீடு முழுவதும் போத்தல். புழு இருந்த தண்டுகளை வெட்டித் தண்ணீரில் வைத்து, போத்தல் வாயைப் பஞ்சால் அடைத்து, இடமில்லாமல் போனதும் தெரிந்தவர்களுக்கெல்லாம் கொடுக்கத் தொடங்கினோம். நானும் அண்ணையும் சென் ஜேம்ஸ் ரவுணுக்கு சப்வே ரயிலில் போத்தல் கொண்டுபோனோம். அண்ணையின் மடியில் போத்தலுக்குள் நெளிந்ததைக் கண்டு பக்கத்து சீற்றிலிருந்த பெண் எழும்பிப் போனார். பிறகு அந்த வரிசை முழுவதும் எங்களுக்குத்தான். பதினெட்டாம் மாடியில் என் மச்சான் கதவைத் திறந்து, "ஊறுகாயோ?" என்று ஆசையோடு கேட்டான். பாவம்.

பின்னேரங்களில் அண்ணை ஒவ்வொரு வீடாகத் தொலைபேசியில் அழைப்பார். "சாப்பிட்டவரோ? இலை வாடிப்போச்சுதோ? நில்லும், வாறன்." மின்கோபுரத்துப் புல்வெளியில் புது இலை பிடுங்கிக்கொண்டு ஓடுவார். கலியாணம் செய்து கொடுத்த மகள்மாருக்குக்கூட ஆட்கள் இவ்வளவு ஓடியதில்லை.

கடைசியில் ஒரு சனிக்கிழமை தன் கையாலேயே காட்டை வெட்டினார். யாரையும் கிட்ட விடவில்லை. முடிந்ததும் படியில் வந்து இருந்து, பால் பிசுபிசுத்த கையைப் பார்த்துக்கொண்டு, "வேர் கீழை கிடக்குது. அதைப் பற்றி அந்த மனுசி கேக்கேல்லைத்தானே?" என்றார்.

அதோடு கதை முடிந்திருக்கும். ஆனால் எங்கள் கண்ணுக்குத் தப்பிய ஒரு புழு வேலி தாண்டிப் போயிருந்தது. பக்கத்து வீடு விலைப்பட்டு, சதுர அடி தன் பலகையைப் பிடுங்க வந்த அன்றுதான் கண்டோம். படத்தில் சிரித்துக்கொண்டிருந்த அவருடைய நாடிக்குக் கீழே, பலகையின் அடிவிளிம்பில், பச்சைக் கூடு ஒன்று தொங்கியது.

அண்ணை பாய்ந்துபோய்ப் பலகைக்கு முன்னால் நின்றார்.

"தொடாதையும்!"

"அண்ணை, வீடு வித்தாச்சு. பலகையை எடுக்கவேணும்."

"உம்மடை நாடியிலை ஒரு சீவன் தொங்குது. அது போகட்டும்."

"எப்ப போகும்?"

"பச்சை போய், கண்ணாடி மாதிரி வரும். உள்ளுக்கை சிறகு தெரியும். அதுக்குப் பிறகு போகும்."

சதுர அடி குனிந்து பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "தங்கமே உது?" என்று மட்டும் கேட்டார். பலகையை விட்டுவிட்டுப் போனார். அடுத்தடுத்த நாட்களில் அந்தத் தெருவில் அவருக்கு ஏதோவொரு வேலை இருந்துகொண்டே இருந்தது. காரை நிறுத்துவார், குனிவார், போவார்.

பூச்சி வெளிவந்த அன்று, போத்தல் வாங்கி வளர்த்த வீட்டுக்காரர்களோடு அவரும் நின்றார். இடுப்பில் பேஜர் கத்திக்கொண்டிருந்தது.

"ஆரோ வீடு பாக்க நிக்கினம் போலை," என்றேன்.

"நிக்கட்டும். வீடு எங்கையும் போகாது."

பூச்சி நெடுநேரம் அவருடைய படத்து நாடியில் தொங்கிச் சிறகு காயவைத்தது. பிறகு ஒருமுறை விரித்தது, எழும்பியது, கூரைகளுக்கு மேலால் போனது. சதுர அடி கழுத்து நோகப் பார்த்துக்கொண்டு நின்று, மெல்லக் கேட்டார்:

"அண்ணை, உது மெக்சிக்கோவுக்குப் போக எத்தினை நாட்டு எல்லை தாண்டவேணும். வழியிலை பிடிச்சு ஒருத்தரும் திருப்பி அனுப்பாயினமோ?"

அங்கே நின்ற முக்கால்வாசிப் பேர் எப்படி எப்படியோ எல்லைகள் தாண்டி வந்தவர்கள்.

"உதுகளிட்டை ஒருத்தரும் பேப்பர் கேக்கிறேல்லை," என்றார் அண்ணை. "சுகமாய்ப் போய்ச் சேருவினம்."

அடுத்த வசந்தத்தில் முற்றமெல்லாம் மறுபடி முளை கிளம்பியது. இந்த முறை சதுர அடி நகரசபையை அழைக்கவில்லை. சில வருடங்களில், வேலிக்குப் பின்னால் வெறும் வயல் உள்ள ஒரு வீட்டை ஸ்ரௌவ்வில்லில் தேடிப்பிடித்து, அண்ணைக்குத் தானே காட்டினார். எத்தனை சதுர அடி என்று அவர் சொல்லவில்லையாம். பின்முற்றத்தைத்தான் முதலில் காட்டினாராம். அண்ணை அந்த வீட்டையே வாங்கிக்கொண்டு போனார். அதற்கும் பல வருடம் கழித்து, மில்க்வீட்டை அரசாங்கமே களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இப்போது கடையில் கன்று விற்கிறார்கள்.

யூலை பிறந்தால் அண்ணை என்னை அழைப்பார். "தம்பி, முட்டை போட்டிருக்கினம். நேரமிருந்தால் வந்து பாரன்."

முட்டை என்பது ஊசிமுனை அளவு. என் கண்ணுக்கு இப்போது அது தெரிவதேயில்லை. ஆனாலும் நான் போகிறேன். அவர் இலையைத் திருப்பிப் பிடிக்க, குனிந்து பார்த்து, "ஓமண்ணை, தெரியுது" என்கிறேன். அப்போது அவர் முகத்தைப் பார்ப்பதற்காகத்தான் அவ்வளவு தூரம் கார் ஓடுகிறேன்.