மூன்று பானைப் பதனீர்

லிட்மஸ் தாள் சிவந்துவிட்டது.

குமுதவல்லி இன்னொரு நீலத்தாளைக் கிழித்து இரண்டாவது பானையில் நனைத்தாள். அதுவும் சிவந்தது. மூன்றாவது பானைக்கு வந்தபோது தாள் தீர்ந்துவிட்டது. நம்பிக்கை அதற்கு முன்பே தீர்ந்திருந்தது.

சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய பதனீர் நீலத்தாளைச் சிவப்பாக்காது. சிவப்பாக்கினால் புளித்துவிட்டது என்று பொருள். புளித்த பதனீருக்கு ஊரில் வேறு பெயர்.

அந்தப் பெயரைப் பற்றிப் பேசத்தான் பள்ளி மண்டபத்தில் இருநூறு பேர் கூடியிருந்தார்கள். 1970, காந்தி ஜயந்தி. மதுவிலக்கை எடுத்துவிடப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. எடுக்கலாமா, கூடாதா என்று தூத்துக்குடிப் பெரியவர்கள் மேடையேறி விவாதிக்க, பள்ளித் தாளாளர் தேவபிரசாதம் தலைமை வகித்தார். நாற்பது வருடங்களாக மதுவைத் தொடாதவர். தொட்டவர்களிடம் பேசவும் மாட்டார்.

குடிக்க ஏதாவது ஏற்பாடு செய்யும்படி குமுதவல்லியிடம் சொல்லியிருந்தார். அவளுக்கு இருபத்து மூன்று வயது. பி.எஸ்ஸி. விஜயவாடாவில் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள், ஜூன் மாதம்தான் இங்கே அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்திருந்தாள். அவளுடைய வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவு, டைப் செய்யப்பட்டு, தாளாளரின் பையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. கூட்டம் முடிந்ததும் போடுவதாகச் சொல்லியிருந்தார்.

வேலைக்குச் சேர்ந்த அன்று, பள்ளி வாசலில் பானை வைத்து விற்கிற சீனித்தாயிடம் வாங்கிக் குடித்த பதனீரின் ருசி குமுதவல்லிக்கு மறக்கவில்லை. ஆகவே சீனித்தாயிடமே போய், தனக்கே கேட்காத குரலில் மூன்று பானைப் பதனீர் வேண்டும் என்றாள். சீனித்தாய் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டுச் சரி என்றாள். காலை எட்டு மணிக்குப் பானைகள் பின் வராந்தாவில் வந்து இறங்கின. பத்து மணிக் கூட்டம் பதினொன்றரைக்குத்தான் தொடங்கியது. அதற்குள் வெயில் வராந்தாவில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

கள்ளின் வேதியியல் குமுதவல்லிக்கு நான்கு பக்கத்துக்குத் தெரியும். ருசிதான் தெரியாது. இருந்தாலும் ஒரு சொட்டை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள். இனிப்புக்கு அடியில் புளிப்பு. அந்த ஒரு சொட்டுக்கே தலை லேசாகச் சுற்றியது.

மூன்று பானைகளையும் சாக்கடையில் கவிழ்த்துவிடலாம். ஆனால் பின்வாசலில் மதுவிலக்குப் பிரிவு ஏட்டு ஜெபசீலன் பந்தோபஸ்துக்காக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் கண் முன்னால் மூன்று பானைக் கள்ளைக் கொட்டுவதைவிட அதைத் திருத்துவது நல்லது என்று அவளுக்குத் தோன்றியது. புளிப்பு என்றால் அமிலம். அமிலத்துக்கு மாற்று ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. ஓடிப்போய்ச் சோடா உப்பு டப்பாவை எடுத்து வந்து, பானைக்கு ஒரு கைப்பிடி போட்டுக் கரண்டியால் கலக்கினாள்.

அமிலத்தில் சோடா உப்பைப் போட்டால் பொங்கும். இதை எட்டாம் வகுப்புக்கு ஜூன் முதல் அவள் ஆறு முறை செய்துகாட்டியிருக்கிறாள். ஏழாவது முறைதான் அவளுக்கே புரிந்தது. மூன்று பானைகளும் ஒரே நேரத்தில் வெள்ளை நுரை கக்கின. இதுவரை பார்வைக்குச் சாதுவாக இருந்ததற்கு இப்போது கள்ளின் முகமே வந்துவிட்டது.

நொதிக்கச் செய்யும் கிருமியைக் குளிர் அடக்கும். பாடத்தில் மூன்றாம் பக்கம். மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஐஸ் வண்டியைக் கைகாட்டி நிறுத்தி, அரைப் பாளம் வாங்கி உடைத்துப் போட்டாள். நுரை அடங்கவில்லை. பானைகளின் வயிறு மட்டும் வியர்த்தது.

வெயிலில் வியர்க்கிற பானையை யார்தான் சும்மா விடுவார்கள்? ஏட்டு எழுந்து வந்தார்.

“ஒரு டம்ளர் தாங்க டீச்சர்.”

அவள் வேண்டாம் என்றாள். அது வழக்கம்போல் அவளுக்கு மட்டுமே கேட்டது. ஏட்டு தானே மொண்டு ஒரே மூச்சில் குடித்தார். கண்ணை மூடினார். ஏப்பம் விட்டார். இரண்டாவது டம்ளரையும் முடித்துவிட்டு, உள்ளே இத்தனை பேர் தொண்டை வறண்டு கிடக்கும்போது இதை இங்கே ஒளித்து வைத்திருப்பது நியாயமா என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் முதல் பானையைத் தோளில் ஏற்றினார். மதுவிலக்குப் போலீஸே கள்ளுப்பானையைச் சுமந்துகொண்டு மதுவிலக்குக் கூட்டத்துக்குள் போவதைக் குமுதவல்லி கரண்டியும் கையுமாகப் பார்த்து நின்றாள்.

மேடையில் வக்கீல் தாணுலிங்கம் மதுவிலக்கை எடுக்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார். பணக்காரனுக்குக் கப்பலிலிருந்து பாட்டில் இறங்குகிறது, ஏழைக்கு வார்னிஷ்தான் கிடைக்கிறது, குடித்துக் கண் போகிறது என்றார். ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு, மேசையைத் தட்டினார்.

“தடை இருக்க ஊர்லதான்யா எந்தப் பானையில என்ன இருக்குன்னு ஒருத்தனுக்கும் தெரியாது.”

மண்டப வாசல்வரை பின்னால் வந்திருந்த குமுதவல்லியின் கையிலிருந்து கரண்டி விழுந்தது.

அடுத்துத் தமிழாசிரியர் ஆராவமுதன் எழுந்தார். எடுக்கக் கூடாது என்பது அவர் கட்சி. இரண்டு டம்ளர் குடித்துவிட்டுத்தான் தொடங்கினார். சட்டத்தால் எல்லாரையும் திருத்த முடியாது என்பது தமக்கும் தெரியும் என்றார். ஆனால் கடை திறந்தால் அது கூலி வாங்குகிற இடத்துக்கும் வீட்டுக்கும் நடுவில்தான் திறக்கும். தன் தெருவில் சனிக்கிழமை சாயங்காலம் வாசலில் நின்று வழி பார்க்கிற பெண்களைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. அழுதுவிட்டார். வக்கீல் எழுந்துபோய் அவரைக் கட்டிக்கொண்டார்.

முதலில் கலகலப்பு, பிறகு மேசை தட்டல், அப்புறம் அழுகை, கட்டித் தழுவல். போதை ஏறுவதற்குப் பாடத்தின் நான்காம் பக்கத்தில் போட்டிருந்த வரிசை பிசகவில்லை என்று குமுதவல்லி சரிபார்த்துக்கொண்டாள். எந்தப் பொதுக்கூட்டத்திலும் இதே வரிசைதான் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் கூட்டங்களுக்குப் போகிறவள் அல்ல.

தேவபிரசாதம் சிரித்தார். அவர் சிரித்து அவள் பார்த்ததே இல்லை. நான்கு டம்ளர் ஆகியிருந்தது. ஐந்தாவதுக்குக் கை நீட்டினார். அறுபத்தெட்டு வயது, இரத்தக் கொதிப்பு வேறு. வீட்டுக்குத் தானே கார் ஓட்டிக்கொண்டு போகிறவர்.

வேலையா, கிழவரின் உயிரா என்று அவள் யோசித்தது அரை நிமிடம்தான். அந்த அரை நிமிடத்துக்காகப் பிற்பாடு வெட்கப்பட்டாள். மேடையேறி, வாழ்க்கையில் முதல் முறையாக மைக்கைப் பிடித்தாள்.

“அதைக் குடிக்காதீங்க ஐயா. அதுல சாராயம் இருக்கு. நான் சோதிச்சுப் பார்த்துட்டேன். எல்லாரும் குடிச்சாச்சு. தப்பு என்னோடதுதான்.”

முதல் தடவையாக அவள் குரல் கடைசி வரிசைவரை கேட்டது.

பி.எஸ்ஸி. படித்த பிள்ளை சோதித்துச் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். மண்டபம் அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. முன்வரிசையில் ஒருவர் தலையைப் பிடித்தார். அதைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவர் சாய்ந்தார். ஏட்டு தரையில் உட்கார்ந்து, முதலில் தன்னைத்தான் கைது செய்தாக வேண்டும், எழுந்திருக்கத்தான் முடியவில்லை என்றார். தமிழாசிரியர் பாட ஆரம்பித்தார். வக்கீல் மூன்று நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்துவிட்டார்.

தேவபிரசாதம் தன் முழங்காலைத் தடவிப் பார்த்தார்.

“காலு எங்கன இருக்குன்னே தெரியலியே” என்றார், கோபமே இல்லாமல்.

பிறகு குமுதவல்லியைப் பக்கத்தில் கூப்பிட்டார். இந்தச் சுகத்தையா நாற்பது வருடமாக ஊருக்கு வேண்டாம் என்று சொன்னோம் என்று கேட்டார். பையைத் துழாவி உத்தரவை எடுத்தார்.

“எம் முன்னால நின்னு உள்ளதச் சொன்ன ஒரே ஆளு நீதாம்மா. மத்தவன் எல்லாம் வாயைப் பொத்திக்கிட்டுல்லா பேசுதான்.”

இருநூறு பேர் பார்க்க, பெரிதாக, கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

நாற்காலியில் படுத்திருந்த வக்கீல் கண்ணைத் திறக்காமலே பேசினார்.

“போதையில போட்ட கையெழுத்து செல்லாது அண்ணாச்சி. காலைல தெளிஞ்சதும் நீங்களே கிழிச்சுப் போடலாம்.”

ஆமாம், செல்லாதுதான் என்று தேவபிரசாதம் வருத்தத்தோடு ஒப்புக்கொண்டார். ஏட்டும் தரையிலிருந்தபடியே அதை ஆமோதித்தார்.

குமுதவல்லி காகிதத்தோடு பின் வராந்தாவுக்கு வந்தாள். விஜயவாடா ரயில் எத்தனை மணிக்கு என்று யோசித்துக்கொண்டிருந்தாள். சீனித்தாய் காலிப் பானைகளை எடுக்க வந்திருந்தாள். சன்னல் வழியே மண்டபத்தை எட்டிப் பார்த்துவிட்டு, என்ன இப்படி ஆளுக்கொரு பக்கமாகக் கிடக்கிறார்கள் என்று கேட்டாள். குமுதவல்லி அழுகையை அடக்கிக்கொண்டு, உங்கள் பதனீர் புளித்துக் கள்ளாகிவிட்டது என்றாள்.

சீனித்தாய் பானையைக் கவிழ்த்து அடியில் கிடந்த சக்கையைத் தட்டினாள்.

“புரட்டாசி மாசம் எந்தப் பனையில டீச்சர் பதனி இறங்குது? நீங்க கூச்சப்பட்டுக்கிட்டு வந்து கேட்டியளே, இல்லன்னு சொல்ல மனசு வராம, கருப்பட்டியும் புளியும் கரைச்ச பானக்கத்தல்லா கொண்டாந்து வச்சேன்.”