ரசத்துக்கு ஒரு இருமல்

பிள்ளைகளா, உலகத்தில் எதை வேண்டுமானாலும் வாய்விட்டுக் கேட்டுவிடலாம். கட்டிய மனைவியிடம் இன்னும் ஒரு கரண்டி ரசம் கேட்பதுதான் கஷ்டம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், பெரிய விஷயங்களைப் பற்றி எழுதத் தெரியாது. ரசத்தைப் பற்றித் தெரியும். நம் வீட்டில் யார் இருமினாலும் "ரசம் ஊத்தவா?" என்று கேட்டுச் சிரிக்கிறீர்களே, அது எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். (முதலில் சிரித்து முடியுங்கள்.)

கல்யாணம் ஆன புதிது. அன்னவாசல் கடைத்தெருவில் இதே வாடகை சைக்கிள் கடைதான் வைத்திருந்தேன். என் ஆத்தா அதற்கு முன்பே காலமாகிவிட்டதால் வீட்டில் ஐயாவும் நானும் மட்டும். அந்த வீட்டுக்குத்தான் கீரமங்கலத்திலிருந்து உங்கள் அம்மா வந்து சேர்ந்தாள்.

ஐயாவை நீங்கள் பல் போன தாத்தாவாகத்தான் பார்க்கிறீர்கள். அப்போதெல்லாம் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் தெருநாய்கூட எழுந்து நிற்கும். அவர் முன்னால் மகன் தன் பெண்டாட்டியோடு பேசக் கூடாது. அப்படி யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலாவது ஒருநாள் மீறிப் பார்த்திருப்பேன்.

ஐயாவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அவள் தலை குனிந்தபடி வந்து குழம்பு, ரசம், மோர் என்று வரிசையாக ஊற்றிவிட்டு அடுக்களைக்குள் போய்விடுவாள். ரசம் ஒரே கரண்டிதான். அவள் வைக்கிற ரசத்துக்கோ, மிளகும் பூண்டும் தெருமுனை வரைக்கும் வந்து ஆளைக் கூட்டிக்கொண்டு போகும். அந்த ஒரு கரண்டியை இரண்டு வாயில் முடித்துவிட்டு நிமிர்ந்தால் மோர் வந்து நிற்கும். (தலையை ஆட்டக் கூடாதா என்பீர்கள். ஐயா பக்கத்தில் இருக்கும்போது தலை எங்கே ஆடும்?)

தனியாக இருக்கும்போது சொல்லியிருக்கலாம்தான். ஆனால் வந்த பெண்ணிடம் முதல் பேச்சே ரசமாக இருந்தால், சோத்துக்குச் செத்தவன் என்று நினைத்துவிட மாட்டாளா? தினமும் காலையில் அவள் தண்ணீர் இறைக்கும்போது, சொல்லிவிடுவது என்று கிணற்றடிக்குப் போவேன். "வாளி கனமா இருக்கா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வருவேன். ஒரு வாளியைப் பற்றி அத்தனை நாள் விசாரித்த புருஷன் புதுக்கோட்டைச் சீமையிலேயே நான் ஒருவன்தான்.

ஒருநாள் துணிந்துவிட்டேன்.

"இந்தா, நான் சாப்புடும்போது ஒரு தடவ இருமுனா ரசம். ரெண்டு தடவ இருமுனா மோர். புரியுதா?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சரிங்க. நானும் ஒன்னு சொல்லணும். அந்த அடுக்களையில..."

வாசலில் ஐயாவின் செருப்புச் சத்தம். நான் சைக்கிள் கடைக்கு ஓடிவிட்டேன்.

அன்று மத்தியானமே இருமினேன். ரசம் வந்தது! மகாராஜாவுக்குக்கூட அப்படி ஒரு சேவகம் கிடைத்திருக்காது. அதைவிடப் பெரிய சந்தோஷம், அடுக்களைக்குள்ளிருந்து அவளும் பதிலுக்கு இருமினாள். நான் ஒன்று இருமினால் அங்கிருந்து நாலைந்து வரும். அடடா, வாயால் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு இப்படித் தெரிவிக்கிறாளே என்று உருகிப்போனேன். கடையில் அதை நினைத்துச் சிரித்துக்கொண்டே, ஓட்டை இல்லாத டியூபில் பஞ்சர் ஒட்டினேன்.

ஐப்பசி மழை பிடித்தது. ஐயாவுக்கு நிஜமாகவே சளி. மோர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவர் ஒரு இருமல் இருமினார். குனிந்த தலை நிமிராமல் வந்தவள், இருமல் கேட்ட பக்கம் இருந்த இலையில் ஒரு கரண்டி ரசத்தை ஊற்றிவிட்டுப் போய்விட்டாள். ஐயா இலையைப் பார்த்தார். பிறகு ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். அவருக்குத் தெரிந்துவிட்டதோ, இன்றைக்குக் கேட்பாரோ, நாளைக்குக் கேட்பாரோ என்று எனக்கு உடம்பு இளைத்தே போனது.

அந்த நேரம் பார்த்து, தேங்காய் மூட்டையோடு பஸ்ஸிலிருந்து இறங்கினார் கீரமங்கலத்துத் தாத்தா, உங்கள் அம்மாவின் அப்பா. மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். இன்றைக்கு இருமுவதில்லை என்று சத்தியம் செய்துகொண்டுதான் உட்கார்ந்தேன். அந்த மிளகு வாசம் சத்தியத்தை முறித்துவிட்டது. இருமினேன். ரசம் வந்தது. அடுக்களையிலிருந்து அவளும் இருமினாள். அன்றைக்கு என்னவோ நிற்காமல் இருமினாள்.

கீரமங்கலத்துத் தாத்தாவின் கை சோற்றில் அப்படியே நின்றது. பாதி மெலிந்து போயிருந்த என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மாப்ள, எத்தன நாளா இந்த இருமல்?"

உண்மையைச் சொன்னால் ஐயா முன்னால் மானம் போகும். "கொஞ்ச நாளாத்தான் மாமா" என்றேன்.

"எம் மகளுக்கு?"

"அவளுக்கும் அப்பத்தான் ஆரம்பிச்சுது." (என் வாயாலேயே சொன்னேன், பிள்ளைகளா.)

அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். நாங்களும் இலையை எடுத்துவிட்டு எழுந்தோம். அவர் முகம் வெளுத்திருந்தது.

"எந் தம்பிக்கு இப்புடித்தான் ஆரம்பிச்சுது. சயரோகம். அவன் பொண்டாட்டிக்கும் ஒட்டிக்கிட்டு, ரெண்டு பேரையும் வாரிக் குடுத்தேன். சம்மந்தி, கோவிச்சுக்கிறாதீங்க. சாயங்காலப் பஸ்ஸுல புள்ளயக் கூட்டிக்கிட்டுப் போறேன். மாப்ளைய ஆஸ்பத்திரியில காட்டுங்க. சொகமானா... பாப்போம்."

"எங்க வம்சத்துல யாருக்கும் அந்த நோக்காடு கெடையாது!" என்றார் ஐயா.

"அப்ப இங்க இருமுனது யாரு, சம்மந்தி?"

அந்தக் காலத்தில் சயரோகம் என்று பேர் வந்துவிட்டால் அந்த வீட்டுத் தண்ணீரைக்கூட யாரும் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். 'பாப்போம்' என்றால் என்ன அர்த்தம் என்றும் எனக்குத் தெரியும். இந்தப் பெண் இனி இந்த வாசலை மிதிக்க மாட்டாள். உள்ளே டிரங்குப் பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொள்ள, வாயைத் திறந்தேன். பயத்தில் தொண்டை வறண்டு போயிருந்தது.

இருமல்தான் வந்தது. ஒரே ஒரு இருமல்.

உங்கள் அம்மா ரசப் பாத்திரத்தோடு வந்து நின்றாள். கண்ணெல்லாம் அழுது சிவந்திருந்தது. பழக்கம், கை தானாக எடுத்துவிட்டது. என் முன்னால் இலைகூட இல்லை.

"இப்ப எதுக்குத்தா ரசம்?" என்றார் அவள் அப்பா.

அவள் என்னைப் பார்த்தாள். நான் மேலே கூரையைப் பார்த்தேன். அவ்வளவுதான், ஐயா முன்னால் முதல்முறையாக வாய் திறந்தாள்.

"அவுகளுக்குச் சயமும் இல்ல, ஒன்னும் இல்லப்பா. ரசம் வேணும்னா ஒரு தடவ இருமுவாக, மோருக்கு ரெண்டு தடவ. வாயால கேக்க வெக்கமாம்!"

அவள் அப்பா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மகளிடம் திரும்பினார்.

"சரித்தா, அவுகளுக்கு ரசம் வேணும். நீ எதுக்கு இருமுற? ஒனக்கு என்ன வேணும்?"

"எனக்குப் பொகைப்பா. அடுக்களையில ஒரு ஜன்னல் இல்ல. பூராம் ஈர வெறகு. அதச் சொல்ல வாயெடுத்தா இவுக சைக்கிள் கடைக்கு ஓடிப்போறாக. நான் உள்ள மூச்சு முட்டி இருமுறேன், இவுக வெளிய உக்காந்து சிரிக்கிறாக! அவுகளுக்காச்சும் ரெண்டு இருமல் இருக்கு. நான் எத்தன தடவ இருமுனா ஜன்னல் வரும், கேட்டுச் சொல்லுங்க."

இத்தனை நாள் நான் உருகியதெல்லாம் விறகுப் புகைக்கு!

ஐயா மெதுவாக என் பக்கம் திரும்பினார். "ஏண்டா, அன்னைக்கி எம் மோர்ச்சோத்துல ரசம் விழுந்துச்சே, அது இதுனாலதானா?"

"ஆமாங்கய்யா."

"கீரமங்கலத்துப் பக்கம் அப்புடித்தான் திம்பாக போலருக்குன்னு நெனச்சேன். புள்ள மனசு நோகக் கூடாதேன்னு முழுங்கித் தொலச்சேன்டா!"

கீரமங்கலத்துத் தாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து அவருக்கும் இருமல் வந்தது. உங்கள் அம்மா கையிலிருந்த பாத்திரத்தைப் பார்த்தாள். "ஐயோ, எனக்கு வேணாந்தா!" என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

ஆனால் சிரிப்பு அடங்கியதும் சொன்னார்: "மாப்ள, ஜன்னல் வச்சாத்தான் நான் பஸ் ஏறுவேன்."

கடப்பாரையோடு அடுக்களைக்குள் போனேன். கல்யாணமானதிலிருந்து அதற்குள் அன்றுதான் கால் வைக்கிறேன். இரண்டு இடி இடிப்பதற்குள் அடுப்புப் புகையில் கண்ணில் நீர் கொட்டி, குடல் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருமினேன். வாசல்படியில் நின்ற உங்கள் அம்மா கேட்டாள்:

"என்னங்க, ரசமா?"

நம் அடுக்களைச் சுவரில் கோணலாக ஒரு ஜன்னல் இருக்கிறதே, பூனை தாராளமாக வந்து போகிறதே, அது நான் வைத்ததுதான். மறுநாள் சாப்பாட்டில் ஐயாவே, "ஆத்தா, இங்கிட்டுக் கொஞ்சம் ரசம்" என்று வாய்விட்டுக் கேட்டார். எனக்கு அந்தத் தைரியம் வர அடுத்த பொங்கல் ஆனது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே உங்கள் அம்மா உள்ளே இருமினாள். பேனாவை வைத்துவிட்டு ஓடினேன். புகை எல்லாம் ஜன்னல் வழியே ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"என்ன வேணும்?" என்றேன்.

"ஒன்னும் வேணாங்க. வெறும் இருமல்தான்" என்றாள்.

இருந்தாலும் இன்னொரு தடவை கேட்டுவிட்டுத்தான் வந்தேன்.