கொள்ளு மிதித்த பந்தயக் கார்

விளாங்குடி,
13-2-1981.

பம்பாய் மாநகரில் வீற்றிருந்து பழங்கார் சேகரிக்கும் சீமானாகிய மாப்ள பால்பாண்டிக்கு, உன் தாய்மாமன் விருமாண்டி எழுதுவது. இங்கே நானும் உன் அத்தை தங்கப்பொண்ணும் சௌக்கியம், என் மீசையின் வலதுபக்கம் நீங்கலாக. அந்த விவரம் கீழே வருகிறது.

நைனா முகமது பாய் ஷெட்டில் நிற்கும் ரெண்டு சீமைப் பந்தயக் காரையும் பார்த்து, எதை வாங்கலாம் என்று எழுதச் சொன்னாய். பதினோரு வருஷமாய் இப்படி ஒரு வண்டிக்குத்தான் காத்திருக்கிறேன், மெட்ராஸ் ஆள் வந்து விலைபேசிக் கொண்டுபோகுமுன் பதில் வேண்டும் என்றாய். "பார்த்தால் போதும் மாமா, ஓட்ட வேண்டாம்" என்று எழுதி அடியில் ரெண்டு கோடு வேறு. ஒரு கோடு போட்டிருந்தால் கேட்டிருப்பேன். ரெண்டாவது கோட்டில் ரோஷம் வந்துவிட்டது.

ஜெர்மன் வண்டி வெள்ளை. குந்தியிருக்கும் தவளை மாதிரி. முன்மூடியைத் திறந்தால் எஞ்சினே இல்லை. எவனோ களவாண்டுட்டான் என்று நான் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. பாய் என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், பின்பக்கம் இருந்த எஞ்சினைக் காட்டினார். முதுகில் நெஞ்சை வைத்திருக்கும் வண்டியை எப்படி நம்புவது? கழித்துவிட்டேன். இங்கிலீஷ் வண்டியோ செக்கச்செவேல், கூரை கிடையாது, மூக்கு எம்புட்டு நீளமென்றால், அது சமயநல்லூர் போய் டீ குடித்து முடித்த பிறகுதான் நாம் போய்ச் சேருவோம். ஸ்டார்ட் பண்ணின சத்தத்தில் ஒத்தக்கடை யானைமலை ஒருதரம் புரண்டு படுத்தது. தெருக்கோடி வரைக்கும்தான் என்றார் பாய். தெருக்கோடி வந்தது, போனது. அந்தச் சீட்டில் உட்கார்ந்தால் ரோட்டிலேயே சம்மணம் போட்ட மாதிரி. எதிரே வந்த ஆட்டுக்குட்டியை அண்ணாந்து பார்த்தேன் மாப்ள.

சமயநல்லூருக்கு முன்னால உன் அத்தையோட தங்கச்சி அன்னக்கொடி, ரோடு பூராவும் கொள்ளுச்செடியைப் பரப்பிட்டு, பஸ்ஸு ஏறி மிதிக்கட்டும்னு நின்னா. நான் ஏறினேன். கொள்ளு சடசடன்னு உதிர்ந்துச்சு. அவ சும்மா இருந்திருக்கலாம்.

"மச்சான், பஸ்ஸு நாலு தடவை மிதிக்கிறதை இது ஒரே மிதியில முடிச்சிருச்சே. இன்னொரு நடை போயிட்டு வாங்க."

கொழுந்தியா கேட்டு எவன் மறுப்பான்? பதினேழு நடை போனேன். பஸ்ஸுக்கு வயிறு உயரத்துல இருக்கு, இதுக்குத் தரையில இருக்கு. செடி அம்புட்டும் அடியில சுருட்டிக்கிட்டுப் புகைக்குழாய்ச் சூட்டுல புகைய, கொள்ளு வறுபடுற வாசம் நல்லா இருக்குன்னு ரெண்டு பேரும் மோந்துக்கிட்டு நின்னோம். வண்டி குப்புன்னு பத்திக்கிச்சு. அடுத்தது என் மீசை. மாட்டுக்கு வச்சிருந்த கழனித்தண்ணியை ஊத்தி அணைச்சோம். மிஞ்சினது அந்த மூக்கு மட்டும்தான்.

பாய் வந்து பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. தோள்துண்டால் அந்தச் சிவப்பு மூக்கை மட்டும் துடைத்துவிட்டு சைக்கிளில் போய்விட்டார். திட்டியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும். உன் பதினோரு வருஷத்தை ஒரு மரக்கால் கொள்ளுக்கு மிதித்துவிட்டேன் மாப்ள. இது ஒன்றை மட்டும் நான் கூட்டிச் சொல்லவில்லை.

ஆகையால் ஜெர்மன் வண்டியையே வாங்கு. உனக்கே தருவதாகப் பாய் வாக்குக் கொடுத்திருக்கிறார். நான் ஷெட் பக்கம் வரக்கூடாது என்பது ஒன்றே நிபந்தனை. உடனே தந்தி அடி. ஆத்தா மீனாட்சி உன் வாசல் நிறைய வண்டி நிறுத்தட்டும். ஒன்றையும் என் கண்ணில் காட்டாதிருக்கட்டும்.

உன் மாமன்,
விருமாண்டி.

பி.கு.: தந்தி அடிக்க வேண்டாம். ரெண்டையும் ஒப்பிடச் சொன்னது நீதான். ஒன்றுக்கு மட்டும் பரீட்சை வைத்தால் நியாயமா? அன்னக்கொடியிடம் பாதிக் கொள்ளு மிச்சம் இருந்தது, பாய் தொழுகைக்குப் போயிருந்தார், சாவி ஷெட் உத்தரத்தில் இருந்தது. வெள்ளைத் தவளை மூணே நடைதான் தாங்கியது. இப்போது என் மீசை ரெண்டு பக்கமும் ஒரே அளவு.